அட்டவணையில் இல்லாத குண்டு

ரிவால்வருக்கான செம்பு முலாம் பூசிய குண்டு ஒரு பெட்டி வாங்கி வந்து, மருந்து, அதாவது துப்பாக்கிப் பவுடர், எவ்வளவு போடுவது என்று கையேட்டைத் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான் மிஞ்சும். வார்ப்பு ஈயக் குண்டுக்கு ஒரு பக்கம் இருக்கும். தகடு போர்த்திய ஜாக்கெட் குண்டுக்கு நாலைந்து பக்கம் இருக்கும். நம் பெட்டிமேல் எழுதியிருக்கிற பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. ஒஹையோவில் இந்தப் பொழுதுபோக்கில் நான் இறங்கிய முதல் குளிர்காலத்தில், 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள முலாம் குண்டு 500 இருந்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வீணாக்காமல் மறுபடி நிரப்பிக்கொள்ளும் 'ரீலோடிங்' வேலையில் எல்லாரும் ஒருநாள் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது அமெரிக்க நிலவரம். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை; விற்கப் போனால் தேவை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஊரில் இருப்பவர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம், செய்து பார்க்கக் கூடாது.

இன்னொன்று. இந்தக் கட்டுரையில் எந்த மருந்துக்கும் எடை சொல்லப்போவதில்லை. யாரோ ஒருவர் எழுதிவைத்த எண்ணை நம்பி மருந்து போடக் கூடாது என்று சொல்ல வந்தவன், கூடவே நாலு எண்ணையும் எழுதிவைத்தால் நன்றாகவா இருக்கும்?

ஒரு தோட்டாவில் நாலு சாமான்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. நாட்டுத் துப்பாக்கிக் காலத்திலிருந்தே நம் ஊரில் பவுடரை 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். மாத்திரை மாதிரியே இதிலும் எல்லாம் அளவில்தான் இருக்கிறது. அளவு மிஞ்சினால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். குறைந்தாலும் ஆபத்து என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. மிஞ்சினால் ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் வெடிக்கும். குறைந்தால் குண்டு குழலுக்கு நடுவிலேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், இல்லையென்றால் பிளக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைச் சொல்வதுதான் லோடு டேட்டா. அதைச் சமையல் குறிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அதை லேப் ரிப்போர்ட் என்பேன். இந்தக் கம்பெனிக் கூடு, இந்தப் பிரைமர், இந்தக் குண்டு, இந்த மருந்து, இவ்வளவு நீளத்துக்குக் குண்டை இறக்கி, இந்த நீளக் குழலில் சுட்டோம். அழுத்தம் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று எழுதிவைத்த சோதனை முடிவு. அதில் ஒரு சாமானை மாற்றினாலும் அது வேறொருவருடைய ரிப்போர்ட். ரத்தப் பரிசோதனை முடிவை அண்ணனிடமிருந்து தம்பிக்கு வாங்கிக்கொடுக்க முடியாதல்லவா?

அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைப்பது சாமி (SAAMI) என்கிற அமைப்பு. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், துப்பாக்கி, தோட்டாக் கம்பெனிகள் சேர்ந்து 1926இல் ஏற்படுத்திய நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. அவர்கள் கணக்குப்படி .38 ஸ்பெஷல் என்கிற ரிவால்வர் தோட்டாவுக்கு வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அதிலேயே கூடுதல் அழுத்தத்துக்கென்று 'பிளஸ் பி' குறித்த தோட்டாவுக்கு 20,000. .357 மேக்னத்துக்கு 35,000, .44 மேக்னத்துக்கு 36,000. .45 கோல்ட் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் 14,000தான்.

பழைய கையேடு எடுப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு சின்னச் செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அழுத்தத்தை அளந்தார்கள். அந்த அலகுக்கு 'சியுபி' என்று பெயர். இப்போது மின் உணரி வைத்து அளக்கிறார்கள். .357 மேக்னத்துக்குப் பழைய அலகில் 45,000, புதிய அலகில் 35,000. தோட்டா அதேதான், அளவுகோல்தான் வேறு. ஒன்றை இன்னொன்றாக மாற்ற நேரான வாய்ப்பாடும் கிடையாது. எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், கிலோவையும் பவுண்டையும் குழப்பிக்கொண்டு காய்கறி வாங்குகிற ஆள் மாதிரி.

கவரிங் நகையும் கவசமும்

இனி முலாம் குண்டுக்கு வருவோம். ஜாக்கெட் குண்டு என்றால் செம்பு 95, துத்தநாகம் 5 என்ற கணக்கில் கலந்த தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அதற்குள் ஈயத்தை வைத்து மூடியிருப்பார்கள். நிஜமாகவே அது ஒரு கவசம். முலாம் குண்டு அப்படியல்ல. மெத்தென்ற ஈயத்தைக் குண்டு வடிவத்தில் அழுத்தி எடுத்து, மின்முலாம் தொட்டியில் போட்டுச் செம்பு படியவைத்து, மறுபடி ஒருமுறை அச்சில் அடித்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள். நமக்குச் சுலபமாகப் புரிய வேண்டுமென்றால், கவரிங் நகை. மேலே மினுமினுக்கிறது, உள்ளே இருப்பது வேறு. கவரிங் வளையலைப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு, முலாம் குண்டை மேக்னம் வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

பார்க்க ஜாக்கெட் குண்டு மாதிரியே இருப்பதுதான் சிக்கல். செம்பு நிறத்தைப் பார்த்ததும் கை தானாக ஜாக்கெட் பக்கத்தைத் திறக்கும். குழலுக்குள் இது நடந்துகொள்வதோ ஈயக் குண்டுக்குப் பக்கத்தில். ஜாக்கெட் கடினமானது, குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் புரிகளில் ஏறுவதற்கு அதற்கு அதிக பலம் தேவை, உராய்வும் அதிகம். ஒரே மருந்தில் அழுத்தமும் பெரும்பாலும் ஜாக்கெட்டுக்குத்தான் கூடும், குறைந்த மருந்தில் குழலில் சிக்கிக்கொள்வதும் அதுதான். ஈயம் மெத்தென்று வழுக்கிக்கொண்டு போய்விடும். முலாம் குண்டு இரண்டுக்கும் நடுவில், ஈயத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஆகவே குண்டு செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் வழி இது: அதே எடை, அதே வடிவ ஈயக் குண்டின் டேட்டாவை எடுத்துக்கொள். இல்லையென்றால் ஜாக்கெட் டேட்டாவின் ஆரம்ப அளவிலிருந்து நடுவரைக்கும் போ, உச்சத்தைத் தொடாதே. இதற்கு மேல் ஒரு வேக வரம்பும் வைப்பார்கள். யூட்டாவில் இருக்கும் பெர்ரிஸ் கம்பெனி தன் சாதாரண முலாம் குண்டுக்கு நொடிக்கு 1,250 அடி என்று வைத்திருக்கிறது, தடித்த முலாமுக்கு 1,500. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். எனவே முதலில் திறக்க வேண்டியது மருந்துக் கையேட்டை அல்ல. குண்டு செய்தவர் தன் குண்டைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைத்தான். வரம்பைத் தாண்டினால் முலாம் கிழியும், குறி சிதறும், குழலில் ஈயம் அப்பும். .357 மேக்னத்தில் முழு வேக லோடு வேண்டுமென்றால் பேசாமல் ஜாக்கெட் குண்டு வாங்குங்கள். நூறு குண்டுக்குச் சில டாலர் மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

அடுத்தது மருந்துக் கம்பெனியின் அட்டவணை. ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்றவர்கள் தங்கள் மருந்துக்கான டேட்டாவை இலவசமாகவே கொடுக்கிறார்கள். சில மருந்துகளுக்கு முலாம் குண்டையே சோதித்து எழுதிய வரிகளும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது. கிடைக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டில் கடன் கேட்கிற மாதிரி, நம் குண்டுக்கு நெருங்கிய சொந்தம் எது என்று பார்க்க வேண்டும். ஒரே எடை என்றால் மட்டும் சொந்தமாகிவிடாது.

இதற்கு நல்ல உதாரணம் 148 கிரெய்ன் வாட்கட்டர். இலக்குத் தாளில் வட்டமாக ஓட்டை விழவேண்டும் என்பதற்காகச் செய்த தட்டை மூக்குக் குண்டு. அதை முழுக்கக் கூட்டுக்குள் அமுக்கி, வாயோடு வாயாக வைப்பார்கள். மூக்கு உருண்ட குண்டென்றால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடையைத் தராசு ஒன்றாகவே காட்டும். ஆனால் உள்ளே அமுங்கிய குண்டு மருந்துக்கு இருந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும். போதாக்குறைக்கு வாட்கட்டரிலேயே அடிப்பக்கம் குழிவான ஒரு வகை இருக்கிறது. அதை வேகமாக ஓட்டினால் பாவாடை மாதிரி இருக்கும் ஓரம் மட்டும் பிய்ந்து குழலிலேயே தங்கிவிடும். எடை, வடிவம், கூட்டுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்கிற மூன்றும் பொருந்தினால்தான் அந்த வரி உங்களுக்கு.

பெயரில் ஏமாறுவது

ஏமாறுவதற்கு இதில் வழி நிறைய. .38 ஸ்பெஷல், .38 எஸ் அண்ட் டபிள்யூ, .38 சூப்பர் மூன்றும் மூன்று வேறு தோட்டா. ஆனால் .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டக் குண்டைத்தான் வாங்கிக்கொள்ளும். ஸ்பெஷலின் கூடு 1.155 அங்குலம், மேக்னத்தின் கூடு 1.290. மேக்னம் தோட்டாவைத் தவறிப்போய் யாரும் ஸ்பெஷல் ரிவால்வரில் போட்டுவிடக் கூடாது என்றுதான் அதை நீட்டினார்கள். ஆனால் மேக்னத்தின் மருந்து அளவை ஸ்பெஷல் கூட்டில் கொட்டுவதை அந்த நீளம் தடுக்காது. அதைத் தடுக்க வேண்டியவர் மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான்.

மருந்திலும் அப்படியே. ஹாட்ஜ்டனின் எச்பி-38உம் வின்செஸ்டர் 231உம் ஒரே மருந்து, டப்பாதான் வேறு. எச்110உம் வின்செஸ்டர் 296உம் கூட அப்படித்தான். ஆனால் டைட்குரூப்பும் டைட்வாடும் பெயரில் மட்டும்தான் அண்ணன் தம்பி, மருந்து வேறு வேறு. டப்பாவை எடுக்கும்போது பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

ஆரம்ப அளவு கொடுக்காமல் உச்சத்தை மட்டும் எழுதியிருக்கும் அட்டவணைகளும் இருக்கின்றன. அங்கே உச்சத்திலிருந்து பத்து சதவீதம் குறைத்துக்கொண்டு ஆரம்பிப்பது பழைய வழக்கம். இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது: எச்110. அது நிதானமாக எரியும் மருந்து. கூடு நிறைய இருந்தால்தான் ஒழுங்காகப் பற்றும். மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று ஹாட்ஜ்டனே எச்சரிக்கிறது. குறைத்தால் பாதியில் அணைந்து, குண்டு குழலில் நிற்கலாம். அந்த மருந்து முழு மேக்னம் வேகத்துக்கானது. சாதாரண முலாம் குண்டின் வரம்போ அதற்குக் கீழே. இரண்டுக்கும் பொருத்தம் பார்த்தாலே தெரியும், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று.

வாயைச் சுருக்குவது

ரிவால்வருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. சிலிண்டரில் ஆறு தோட்டா. ஒன்றைச் சுடும்போது மற்ற ஐந்தும் உதை வாங்குகின்றன. துப்பாக்கி பின்னால் துள்ளும்போது கூடு கூடவே போகிறது, கனமான குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. சடன் பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்பவர்கள் முன்னால் சாய்கிற அதே கதைதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டு வெளியே நகர்ந்து, சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி மூக்கை நீட்டிவிட்டால் சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் கூட்டின் வாயை லேசாகச் சுருக்குகிறார்கள். 'கிரிம்ப்' என்பது அதுதான். ரிவால்வர் தோட்டாவுக்கு வழக்கமான முறை, வாயை உள்பக்கமாக மடித்து, குண்டிலிருக்கும் பள்ளத்தில் உட்காரவைப்பது. பல முலாம் குண்டுகளில் அந்தப் பள்ளம் கிடையாது. என் முதல் ஐம்பது தோட்டாவையும் நான் ஈயக் குண்டுக்கு அமைத்திருந்த அச்சிலேயே அழுத்தித் தள்ளினேன். வெளியே பார்க்க அழகாக இருந்தன. சுட்டுப் பழகும் ரேஞ்சில் பழக்கமான பெரியவர் ஒருவர் ஒன்றை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து சுத்தியல் மாதிரி இருக்கும் கழற்றியில் போட்டுத் தரையில் நாலு தட்டு தட்டினேன். குண்டு வெளியே வந்து விழுந்தது. அதன் இடுப்பைச் சுற்றிக் கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு. கோட்டுக்குள் செம்பு இல்லை, சாம்பல் நிற ஈயம் தெரிந்தது. நகத்தால் நெருடினால் முலாம் ஓரம் தூக்கிக்கொண்டு வந்தது. ஐம்பதையும் கழற்ற ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

முலாம் குண்டுக்கு ஏற்றது வாயை மடிக்காமல் சரிவாக இறுக்குகிற 'டேப்பர் கிரிம்ப்'. முலாமில் தடம் படலாம், வெட்டு விழக் கூடாது. போதுமா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை அளந்து, அதைக் கடைசி அறையில் விட்டு, மற்ற ஐந்தையும் சுட்டபின் எடுத்து மறுபடி அளக்க வேண்டும். நீளம் கூடியிருந்தால் குண்டு நகர்கிறது என்று பொருள்.

இப்போது இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் பயம் தரும் கட்டம். .38 ஸ்பெஷல் கூடு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இடத்தை அடைக்கும் கரும்பொடி மருந்துக்காக அளவெடுத்தது. இன்றைய வேகமான மருந்துகள் அதில் கொஞ்சமாகத்தான் போகும். லேசான இலக்கு லோடில் கூடு கால்வாசிகூட நிரம்பாது. அதாவது கவனம் பிசகி ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து கொட்டினாலும் வழியாது. குண்டு சாதுவாக மேலே உட்கார்ந்துகொள்ளும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. தராசு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம், ஆனால் ஒரு கூட்டில் இரண்டு முறை விழுந்ததா என்று அது சொல்லாது.

அதனால் ஐம்பது கூடுகளையும் மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து விட்டபின், ஒரு குண்டையும் வைக்காமல் டார்ச்சை மேலே பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்கிறேன். ஐம்பது கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தாலோ வறண்டிருந்தாலோ அந்த வெளிச்சத்தில் கண்ணில் பட்டுவிடும். சந்தேகம் வந்தால் அந்த ஒன்றை மட்டும் சரிசெய்வதில்லை, பலகையையே கவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடுவில் போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

மருந்து விழாமல் போன கூடு பிரைமரின் பலத்திலேயே குண்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதிலாகப் 'பொத்'தென்று ஒரு சத்தம், கையில் உதை இருக்காது. அப்போது விரல் அடுத்த தடவை அழுத்தத் துடிக்கும். நிறுத்த வேண்டும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும். தெரியவில்லையென்றால் அன்றைக்குச் சுட்டது போதும்.

அட்டவணையில் இருக்கும் வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாட்ஜ்டன் .38 ஸ்பெஷலைச் சோதிப்பது 7.7 அங்குலக் குழலில், .357 மேக்னத்தை 10 அங்குலத்தில். நம் கையில் இருப்பது நாலு அங்குலம், அதுவும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியே காற்று கசிகிற ரிவால்வர். வேகமானியை வைத்துச் சுட்டுப் பார்த்தால் நம் எண் அட்டவணையைவிடக் கீழேதான் வரும். முதல்முறை பார்த்தபோது எனக்குத் தராசுமேல்தான் சந்தேகம் வந்தது. இன்னும் கொஞ்சம் மருந்து கூட்டினால் அந்த வேகத்தைப் பிடித்துவிடலாமே என்று கை அரிக்கும். மருந்தைக் கூட்டினால் வேகத்தோடு அழுத்தமும் கூடவே ஏறும். அதைக் காட்டும் மீட்டர் நம் ரிவால்வரில் கிடையாது. பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பார்கள். 17,000க்கான தோட்டாவில் அந்த அடையாளம் தெரிகிற நேரத்தில் வரம்பு எப்போதோ பின்னால் போயிருக்கும்.

ஆரம்ப அளவில் ஐந்தாறு தோட்டா மட்டும் செய்து, சுட்டு, குறி எப்படி விழுகிறது, முலாம் கிழிந்திருக்கிறதா, கூடுகள் சுலபமாகக் கழன்று வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, அட்டவணைக்குள்ளேயே ஒரு படி ஏறுவதுதான் முறை. எனக்கு அந்த 158 கிரெய்ன் குண்டு ஈயக் குண்டு வரியின் இரண்டாவது படியிலேயே 15 கெஜத்தில் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்குமேல் ஏறவில்லை. பெட்டியின் மூடியில் மருந்தின் பெயர், லாட் எண், பிரைமர், மொத்த நீளம், தேதி எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறது. மருந்து எடை இருக்கிற இடத்தை மட்டும், போட்டோ கேட்கிறவர்களுக்கு அனுப்பும்போது விரலால் மறைத்துவிடுகிறேன்.